இடுப்பைச் சுழற்றினால் போதுமா?

கேள்வி: 11 வயது மகன் இங்கே பேஸ்பால் ஆடுகிறான். "கை பலத்தை நம்பாதே, இடுப்பைச் சுழற்று" என்று கோச் சொன்னதிலிருந்து முழு உடம்பையும் சுழற்றி அடிக்கிறான். ஆனால் பந்து முன்பு போன தூரம்கூடப் போவதில்லை. கோச் சொன்னது தப்பா?
- ஒரு அம்மா, டல்லாஸ்

பதில்: கோச் சொன்னது சரிதான், பையன் காதில் பாதிதான் விழுந்திருக்கிறது. எது முதலில் சுழல்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 1941-இல் .406 சராசரியில் (ஆயிரத்துக்கு 406 முறை வெற்றி என்ற கணக்கில்) அடித்த அமெரிக்க ஆட்டக்காரர் டெட் வில்லியம்ஸ், இடுப்பு முன்னால் போகட்டும், கை பின்னால் வரட்டும் என்றுதான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார். முன்கால் குதிகால் தரையில் ஊன்றும்போது இடுப்பு பிட்சர் (பந்து எறிபவர்) பக்கம் திரும்ப ஆரம்பிக்க வேண்டும், அந்த நேரத்தில் தோளும் கையும் இன்னும் பின்னாலேயே இருக்க வேண்டும். ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி வயிற்றுப் பக்கத் தசைகள் முறுக்கேறி நிற்கும், அந்த முறுக்கு விடுபடும்போது தோள் திரும்பும், அப்புறம் கை, கடைசியில் பேட்.

முன்காலையும் பாருங்கள். பெரும்பாலான பெற்றோர் இதைக் கவனிப்பதே இல்லை. முன் முழங்கால் நிமிர்ந்து விறைத்தால்தான் இடுப்புக்கு பிரேக் விழும். இடுப்பு வேகம் குறையக் குறைய அந்த வேகம் தோளுக்கும், தோளிலிருந்து கைக்கும் கைமாறிப் போகும். உங்கள் மகனுக்கு இடுப்பும் தோளும் ஒன்றாகவே திரும்புகின்றன என்று நினைக்கிறேன். அப்படித் திரும்பினால் கைமாற்ற எதுவும் மிஞ்சாது, வெளிப்பக்கம் வரும் பந்து பேட்டின் நுனியில்தான் படும். வலது கைக்காரன் என்றால் பந்து மூன்றாம் பேஸ் பக்கம், அதாவது மைதானத்தின் இடப்பக்கம், சொத்தையாக உருண்டு போகும்.

வலைக்குப் பின்னால் பிட்சர் பக்கம் நின்று போனில் ஸ்லோமோஷனில் எடுங்கள். முன்கால் ஊன்றும் இடத்தில் வீடியோவை நிறுத்துங்கள். சட்டையின் நெஞ்சில் இருக்கும் எழுத்து முழுசாகத் தெரிந்தால் தோள் சீக்கிரம் திரும்பிவிட்டது. டீ ஸ்டாண்டை (பந்தை அசையாமல் தாங்கும் கம்பம்) பிளேட்டின் (அடிப்பவர் பக்கத்தில் தரையில் இருக்கும் வெள்ளைத் தட்டு) வெளி ஓரத்தில் வைத்து, பந்தை எதிர்ப்பக்கம், அதாவது வலது கைக்காரன் என்றால் ரைட் ஃபீல்டுக்கு (மைதானத்தின் வலப்பக்கம்), அடிக்கச் சொல்லுங்கள். தோள் தானாகப் பின்னால் நிற்கப் பழகும். அதற்காக ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் அடிக்கவிட வேண்டாம். விலாப் பக்கத்தில் தசை பிடித்துக்கொண்டால் அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீக் ஆட்டக்காரர்களே வாரக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கிறது, இவன் சின்னப் பையன்.

கேள்வி: பேஸ்பால் நட்சத்திரம் ஷோஹே ஓதானி அடிக்கும்போது காலைத் தூக்குவதே இல்லையே, அவருக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது?
- ஒரு வாசகர், சிங்கப்பூர்

பதில்: ஜப்பானில் ஆடியபோது தூக்கினார். 2018-இல் அமெரிக்கா வந்ததும், அங்கத்திய வேகப்பந்துக்கு நேரம் போதவில்லை என்று அதை விட்டுவிட்டார். பிட்சர் நிற்கும் இடத்துக்கும் பிளேட்டுக்கும் 18.44 மீட்டர்தான், மணிக்கு 95 மைல் வேகப் பந்து சுமார் 0.4 நொடியில் வந்துவிடும். அதனால் முன்பாதத்தை லேசாக அசைப்பதோடு சரி, மற்றதை இடுப்பு பார்த்துக்கொள்கிறது. 2024-இல் அவர் அடித்த 54 ஹோம் ரன்னும் (பெரும்பாலும் வேலியைத் தாண்டிப் பறக்கும் அடி) அந்தக் குட்டி அசைவில் வந்தவைதான்.