வயிற்றில் இருந்தபோது வெறுங்கஞ்சிதான்

(வாசகர் கேள்வி – பதில். பதில் எழுதுபவர் வன்னியில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்.)

மிஸி, எனக்கு இப்போது ஐந்து மாதம். கிளினிக்கில் இரத்தம் (ஹீமோகுளோபின்) 9.8 என்றார்கள். இரும்புக் குளிசையை ஒருநாளும் தவறவிட்டதில்லை. பிறகேன் ஏறவில்லை? – வாசகி, பரந்தன்

குளிசை போடுகிறேன் என்று எழுதிய பிள்ளை, எதனோடு விழுங்குகிறேன் என்று எழுதவில்லையே. வேலையில் இருந்த காலத்தில் இதே முறைப்பாட்டோடு வந்த ஒருத்தியின் வீட்டுக்குப் போயிருந்தேன். சில்வர் பேணியில் வெறுந்தேத்தண்ணி, கையில் பனங்கட்டித் துண்டு, "இந்தா மிஸி, பாருங்கோ, போடுகிறேன்" என்று குளிசையை வாயில் போட்டு அந்தத் தேத்தண்ணியாலேயே விழுங்கிக் காட்டினாள். தேயிலையில் உள்ள சாயச்சத்து இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்புக்குள் போகவிடாது. தேத்தண்ணிக்கும் குளிசைக்கும் நடுவில் இரண்டு மணித்தியாலமாவது இடைவெளி வேண்டும். கல்சியக் குளிசையையும் சேர்த்துப் போடக்கூடாது, ஒன்றைக் காலையிலும் மற்றதை இரவிலும் போடுங்கள். தேசிக்காய்த் தண்ணியோடு போட்டால் இரும்பு நன்றாக ஏறும். முருங்கையிலை வறைக்கும் இறக்கும்போது கொஞ்சம் தேசிக்காய்ப்புளி விடுங்கள்.

கர்ப்பத்தில் 11க்குக் கீழே போனாலே இரத்தச்சோகைதான். பிள்ளை எடை குறைந்தோ மாதம் முடியமுன்னரோ பிறக்கும் வாய்ப்பு கூடும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: பிறந்து முதல் ஆறு மாதத்துக்குப் பிள்ளைக்குத் தேவையான இரும்பில் பெரும்பகுதி வயிற்றுக்குள் இருக்கும்போதே தாயிடமிருந்து வாங்கிச் சேமித்ததுதான், மூளை வளர்ச்சிக்கும் அதுதான் வேண்டும். குளிசையால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். அப்புறம் கிளினிக்கில் உங்களுக்கென்று தரும் சத்துமா, அந்தத் திரிபோஷா. வீட்டிலுள்ள அத்தனை பேரும் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்துச் சாப்பிட்டு மூன்று நாளில் பக்கெட்டை முடித்துவிட்டு, "மிஸி தந்ததெல்லாம் சாப்பிட்டேன்" என்று சொல்லக்கூடாது!

2009இல் நான் வயிற்றுப்பிள்ளையோடு இருந்தேன். விசுவமட்டில் தொடங்கி மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று ஓடி, செட்டிக்குளம் முகாமில்தான் மகன் பிறந்தான், 2 கிலோ 100. கடைசி மாதங்களில் வெறுங்கஞ்சிதான், அதுவும் கிடைத்தால். இப்போது வயது 16. ஆள் சிறிது, கணக்கு ஓடுதில்லை. நான் சாப்பிடாததால்தானா? – ஒரு தாய், புதுக்குடியிருப்பு

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசையில் வைத்திருந்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். முதலில் ஒன்று. "சாப்பிடாததால்" என்று எழுதியிருக்கிறீர்கள். சாப்பாடு இருந்து நீங்களா வேண்டாம் என்றீர்கள்?

உங்களைப் போலப் பட்டினியில் பிள்ளை சுமந்தவர்களைப் பற்றி உலகத்தில் ஓரளவு தெரியும். 1944–45 குளிர்காலத்தில் ஜெர்மன் படை நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்குச் சாப்பாடு போகும் வழியை அடைத்தது. ஓர் ஆளுக்குக் கிடைத்த பங்கீடு நாளைக்கு 1000 கலோரிக்கும் கீழே இறங்கியது. உங்களுக்குப் போலவே அவர்களுக்கும் மே மாதத்தில்தான் அது முடிந்தது. அப்போது வயிற்றில் இருந்த பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் கழித்துத் தேடிப்பிடித்துச் சோதித்தார்கள். கடைசி மாதங்களில் பட்டினி பட்டவர்களின் பிள்ளைகள் சிறிதாகப் பிறந்திருந்தார்கள். தொடக்க மாதங்களில் பட்டினி பட்டவர்களின் பிள்ளைகள் எடையில் குறையவில்லை, ஆனால் நடுவயதில் அவர்களுக்குத்தான் இருதய வருத்தம் கூடுதலாக வந்தது. பட்டினிக்குள் இருந்த பிள்ளைகளுக்குப் பின்னாளில் இரத்தத்தில் சீனி கட்டுப்படுவதும் கொஞ்சம் சிரமமாக இருந்தது.

இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் என்ற வைத்தியர் 1980களில் இதே விஷயத்தை வேறு வழியால் பிடித்தார். ஹார்ட்ஃபோர்ட்ஷயர் என்ற மாவட்டத்தில் 1911 தொடக்கம் மருத்துவிச்சிகளும் சுகாதாரத் தாதிகளும் வீடு வீடாகப் போய்ப் பிள்ளையின் பிறப்பு எடை, ஒரு வயது எடை எல்லாம் எழுதி வைத்த பழைய பதிவேடுகள் இருந்தன. அந்தப் பிள்ளைகளில் யார் யார் பிற்காலத்தில் இருதய வருத்தத்தால் இறந்தார்கள் என்று ஒட்டிப் பார்த்தால், சிறிதாகப் பிறந்தவர்களே கூடுதல். (நாங்கள் வெயிலில் சைக்கிள் உழக்கிப் போய் எழுதிய கொப்பிகளையும் யாராவது இப்படித் திறந்து பார்ப்பார்களா என்று எனக்கு ஓர் ஆசை உண்டு. எங்கள் கொப்பிகளில் பாதி 2009இல் எரிந்துபோனது, அது வேறு கதை.)

இதையெல்லாம் ஏன் உங்களுக்குச் சொல்கிறேன் என்றால், அந்த ஆய்வுகளில் வருவது ஆயிரம் பேரை எடுத்தால் எத்தனை பேருக்குக் கூடுதல் என்ற கணக்கு. உங்கள் மகன் ஒருவனைப் பார்த்து "இதனால்தான் இது" என்று எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது. நெதர்லாந்தில் அப்படிப் பிறந்தவர்களில் கனபேர் நல்ல சுகத்தோடு வாழ்ந்தவர்கள். உயரத்துக்கு நீங்களும் தகப்பனும் எவ்வளவு உயரம் என்றும் பார்க்க வேண்டும். கணக்கு ஓடாததற்குக் கண் பார்வை, இரத்தச்சோகை, இரவு நித்திரை, கையில் போன் என்று பார்க்க எவ்வளவோ இருக்கிறது. முதலில் கண்ணையும் இரத்தத்தையும் சோதித்துவிடுங்கள்.

அவனுக்காகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சிறிதாகப் பிறந்த பிள்ளை பிற்பாடு சட்டென்று கொழுத்தால்தான் சீனி வருத்தமும் பிரஷரும் வரும் ஆபத்துக் கூட. ஆகவே "அப்போது கொடுக்க முடியவில்லையே" என்று இப்போது சோடாவும் பிஸ்கட்டும் வாங்கி நிரப்ப வேண்டாம். விளையாடவிடுங்கள். 20 வயது தாண்டினால் பிரஷரும் சீனியும் இடைக்கிடை பார்க்கட்டும்.

நான் வயல்காரன். மனைவிக்கு மூன்று மாதம். நான் வீட்டுக்குள் சிகரெட் குடிப்பதில்லை, முற்றத்தில்தான். அது போதும்தானே? – வாசகர், முத்தையன்கட்டு

தம்பி, போதாது. புகை உங்கள் சட்டையிலும் கையிலும் ஏறி உள்ளே வரும். சிகரெட் புகையில் உள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு இரத்தத்தில் ஒட்சிசன் இருக்க வேண்டிய இடத்தில் போய் ஏறிக்கொள்ளும், பிள்ளைக்குப் போகிற காற்றுத்தான் குறையும். விறகடுப்பிலும் அதே புகைதான், அவள் மூன்று வேளையும் அதற்குள் குனிந்து நிற்கிறாள். காய்ந்த விறகு, அடுப்புக்கு மேலே புகை போக ஒரு வழி, இரண்டையும் நீங்களே இந்தக் கிழமை செய்துவிடலாம். வயல்காரர் என்று எழுதியிருப்பதால் இதையும் சொல்கிறேன்: மருந்தடித்துவிட்டு வந்த சட்டையை அவளிடம் தோய்க்கக் கொடுக்காதீர்கள். கிணற்றடியில் நீங்களே தோய்த்துவிட்டு உள்ளே போங்கள்.

26 கிழமையில் கிளினிக்கில் சீனித்தண்ணி குடிக்கத் தந்து சோதித்துவிட்டுச் சீனி வருத்தம் என்கிறார்கள். "எங்கள் பரம்பரையிலேயே இல்லை, இரண்டு உயிருக்குச் சாப்பிடு" என்கிறார் மாமி. சத்திக்கு வெற்றிலையும் தருகிறார். – வாசகி, ஒட்டுசுட்டான்

பரம்பரையில் இல்லாமலும் வரும். நச்சுக்கொடியில் சுரக்கும் சில சுரப்புகள் இன்சுலினை வேலை செய்யவிடாது, அதனால்தான் 24க்கும் 28க்கும் இடைப்பட்ட கிழமைகளில் பார்க்கிறோம். கூடின சீனி பிள்ளைக்கும் போகும், பிள்ளை பெரிதாக வளர்ந்து பிரசவம் கஷ்டமாகும், பிறந்தவுடன் அதற்குச் சீனி இறங்கிப்போகும், வளர்ந்தபிறகு கொழுப்பும் நீரிழிவும் வரும் வாய்ப்பும் கூடும். இரண்டு உயிர் உண்மைதான், ஆனால் இரண்டு கோப்பைச் சோறு வேண்டாம். முதல் மூன்று மாதம் கூடுதலாக ஒன்றுமே தேவையில்லை, பிறகும் நாளுக்கு 350, 450 கலோரிதான். ஒரு முட்டை, ஒரு பிடி கச்சான், ஒரு பழம், அவ்வளவில் முடிந்துவிடும். புட்டைக் குறைத்துக் கறியைக் கூட்டுங்கள், சாப்பிட்டபின் கொஞ்சம் நடவுங்கள். பிள்ளை பிறந்து ஆறு கிழமைக்குப் பிறகு மறுபடி சோதியுங்கள்.

வெற்றிலை வேண்டாம். புகையிலை போடாவிட்டாலும் பாக்கு இருக்கிறதே, அதுவும் பிள்ளையின் எடையைக் குறைக்கும். சத்திக்கு இஞ்சி போதும். மாமியோடு சண்டை பிடிக்காதீர்கள், அடுத்த கிளினிக்குக்கு அவரையும் கூட்டிப் போங்கள். நான் கண்ட மாமிமாரில் பாதிப்பேர் மிஸி சொன்னால் கேட்பார்கள், மருமகள் சொன்னால்தான் கேட்கமாட்டார்கள்.

பால் சுரக்கும் என்று இப்போதே சுறா தருகிறார்கள். கிரகணத்துக்கு வெளியே போகவும் விடுகிறார்கள் இல்லை. – வாசகி, முல்லைத்தீவு

சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும், பிள்ளையின் மூளைக்கு அது கூடாது. சூடை, நெத்தலி, குளத்து மீன் தாராளமாகச் சாப்பிடுங்கள். கிரகணத்தன்று வீட்டுக்குள் இருப்பதில் ஒரு கெடுதலும் இல்லை, பெரியவர்கள் மனம் கோணாமல் இருந்துவிட்டுப் போங்கள். அன்றைக்குக் கிளினிக் நாளாக இருந்தால் மட்டும், கொப்பியையும் குடையையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுங்கள்.