காவிரிச் செய்தி: யார் சொல்வதை நம்புவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிறோம். காவிரிப் பிரச்சினை கிளம்பினாலே எங்கள் வீட்டில் சண்டைதான். அப்பா தமிழ் சேனல் பார்ப்பார். கல்லூரியில் படிக்கும் மகன் கன்னட யூடியூப் சேனலைக் காட்டி, "தாத்தா, அவங்க சொல்றது பொய்" என்பான். 2023இல் இருவரும் சில நாள் பேசிக்கொள்ளவே இல்லை. சேனல் எந்தக் கட்சிக்காரருடையது என்று தெரிந்தால் போதும் என்கிறார் ஒரு நண்பர். இங்கிலீஷ் சேனல்தான் நடுநிலை என்கிறார் இன்னொருவர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ச., ஸ்ரீராம்புரம்

அன்புள்ள ச.,

சேனல் யாருடையது என்று தெரிந்துகொள்வது அவசியம்தான். கலைஞர் டிவி, ஜெயா டிவி, மக்கள் டிவி என்று கட்சிக்கொரு சேனல் பார்த்துப் பழகியவர்கள் நாம். கன்னடத்தில் கஸ்தூரி டிவியைத் தொடங்கியதும் கர்நாடக முன்னாள் முதல்வர் குமாரசாமியின் குடும்பம்தான். ஆனால் காவிரி விஷயத்தில் இது உதவாது. தமிழ்நாட்டில் எல்லாக் கட்சியும் ஒரு பக்கம், கர்நாடகத்தில் எல்லாக் கட்சியும் மறுபக்கம். உங்கள் அப்பா எந்தத் தமிழ் சேனலுக்கு மாற்றினாலும் அதே செய்திதான் வரும். எல்லாரும் ஒன்றையே சொல்லும்போது அது சாய்வு என்றே தோன்றாது. கட்சிச் சாய்வைவிட இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

உங்கள் வீட்டில் சண்டை வந்த அந்த 2023 செப்டம்பரையே பார்ப்போம். தமிழ்நாட்டுக்கு 15 நாட்களுக்கு வினாடிக்கு 5,000 கன அடி தண்ணீர் விடும்படி கர்நாடகத்திடம் சொன்னது காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழு. கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு 0.43 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி), 15 நாளில் ஏறக்குறைய 6.5 டிஎம்சி. செப்டம்பர் மாதத்துக்குத் தமிழ்நாட்டின் பங்கு 36.76 டிஎம்சி. அதில் பாதி மாதத்துக்கு 18 டிஎம்சிக்கு மேல் வரவேண்டும்.

உங்கள் மகன் பார்த்த செய்தியில் "தமிழ்நாட்டுக்கு மறுபடியும் தண்ணீர்" என்று இருந்திருக்கும். அது உண்மை. ஆனால் 36.76 என்ற எண் அதில் இருந்திருக்காது. அப்பா பார்த்ததில் "பங்கில் பாதிகூட இல்லை" என்று இருந்திருக்கும். அதுவும் உண்மை. ஆனால் அந்தப் பங்கு மழை சரியாகப் பெய்யும் ஆண்டுக்கான கணக்கு என்பதும், அதே மாதம் கர்நாடகம் 195 தாலுகாக்களை வறட்சிப் பகுதியாக அறிவித்தது என்பதும் விட்டுப்போயிருக்கும். இங்கே கேஆர்எஸ் அணையையும் மண்டியா விவசாயியையும் காட்டுவார்கள், அங்கே மேட்டூரையும் கருகும் குறுவைப் பயிரையும் காட்டுவார்கள். தாத்தாவும் பேரனும் ஆளுக்குப் பாதிச் செய்தி கேட்டுவிட்டு, மற்றவர் பொய் சொல்வதாகச் சண்டை போட்டிருக்கிறார்கள்.

அதனால் செய்தி கேட்கும்போது ஒன்று செய்யுங்கள். எண் வந்தால், இது எதில் எவ்வளவு, எத்தனை நாளுக்கு என்று கேளுங்கள். கன அடியில் சொன்னால் பெரிதாகத் தெரியும், டிஎம்சியில் சொன்னால் சிறிதாகத் தெரியும். எதில் சொல்வது என்பதிலேயே சாய்வு தொடங்கிவிடுகிறது.

இங்கிலீஷ் சேனல் பற்றி. டெல்லியில் இருப்பவர்களுக்குக் காவிரி எப்போது செய்தியாகிறது? 2016 செப்டம்பர் 12 அன்று பெங்களூரில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்தபோது ஆனது. தீ அணைந்ததும் காவிரியும் மறைந்துவிட்டது. இரு மாநிலச் சண்டை என்பதைத் தாண்டி அவர்களிடம் கதை இல்லை. யார் பக்கமும் சாயவில்லை என்பதாலேயே விஷயம் முழுதாக வந்துவிடாது. அன்று எல்லா மொழிச் சேனல்களும் எரிந்த பேருந்தையே திரும்பத் திரும்பக் காட்டின. மதியம் எடுத்த காட்சி இரவிலும் ஓடினால், இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது என்றுதானே ஊரிலிருக்கும் உறவுகள் பதறுவார்கள்? எப்போது எடுத்தது என்று திரையில் இல்லாத காட்சியை அன்றைய நிலவரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் வீட்டில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. சென்னையில் இருப்பவருக்குக் கன்னடச் செய்தி புரியாது, மண்டியாவில் இருப்பவருக்குத் தமிழ்ச் செய்தி புரியாது. உங்களுக்கு இரண்டும் புரியும். அடுத்த முறை இரண்டையும் ஒரே இரவில், தாத்தாவும் பேரனும் சேர்ந்து பார்க்கட்டும். அப்புறம், அணை நிலவரத்துக்கு சேனலை நம்பியிருக்க வேண்டாம். மத்திய நீர் ஆணையம் நாட்டின் முக்கிய அணைகளின் இருப்பை வாராவாரம் வெளியிடுகிறது. அதை எடுத்துப் பார்க்கும் வேலையை மகனிடம் கொடுங்கள், தாத்தாவுக்குப் படித்துக் காட்டட்டும்.

அன்புடன்.