தகேதா மலைக்கோட்டை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

ஜப்பானின் ஹியோகோ மாகாணத்தில், அசாகோ நகரில், 353.7 மீட்டர் உயர மலையுச்சியில் இருக்கிறது தகேதா கோட்டை. மேகக் கடலில் மிதக்கும் படத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் கேட்டவை இவை.

செல்வி: எந்தப் போரில் இடிந்தது? வெறும் சுவர்தானே தெரிகிறது?

போரில் இடியவில்லை. 1600-ல் கைவிடப்பட்டது. சுவர்களின் மேல் இருந்த மரக்கட்டடங்கள் போய்விட்டன. கல் மட்டும் நின்றது.

பாஸ்கர்: கட்டியது யார்?

இதில்தான் பலரும் குழம்புகிறார்கள். முதல் கோட்டையை, இந்தப் பகுதியை ஆண்ட பிரபு யமானா சோசென் 1443 வாக்கில் எழுப்பியதாகச் சொல்வார்கள். அதை ஓட்டகாகி குடும்பம் காத்து வந்தது. அது மண்மேடும் அகழியுமாக இருந்த கோட்டை. 1577-ல், பின்னாளில் ஜப்பானை ஒன்றாக்கிய ஹிதேயோஷியின் தம்பி ஹிதேநாகா அதைப் பிடித்தார். பக்கத்திலேயே இகுனோ வெள்ளிச் சுரங்கம் இருந்ததால் இந்த இடத்துக்கு மதிப்பு அதிகம். இன்று நாம் பார்க்கும் கற்சுவர்கள், 1585-ல் இங்கே வந்த கடைசிப் பிரபு அகமட்சு ஹிரோஹிதே காலத்தவை. தெற்கு வடக்காகச் சுமார் 400 மீட்டர், கிழக்கு மேற்காக 100 மீட்டர். இவ்வளவையும் எழுப்பிய மனிதருக்கு அதில் இருக்கக் கிடைத்தது வெறும் 15 ஆண்டுகள்.

ரஹீம்: சாந்து இல்லாமல் எப்படி நிற்கிறது?

ஆனோ என்ற ஊர்க் கொத்தர்களின் பெயரால் வழங்கும் முறை இது. கல்லைச் செதுக்கிச் சதுரமாக்க மாட்டார்கள். கிடைத்த கல்லை அப்படியே, நீளவாட்டம் சுவருக்குள் போகும்படி படுக்க வைப்பார்கள். வெளியே நமக்குத் தெரிவது அதன் முகம் மட்டும்தான். இடுக்குகளில் சிறு கற்களைச் செருகி, பின்பக்கம் ஜல்லி நிரப்புவார்கள். மழைநீர் தேங்காமல் அந்த இடுக்குகள் வழியே வடிந்துவிடும். மூலைகளைப் பாருங்கள்: ஒரு கல் இந்தப் பக்கம் நீளமாக, அதற்கு மேல் உள்ளது அந்தப் பக்கம் நீளமாக, விரல் கோத்தது போல மாறி மாறி ஏறும்.

தமயந்தி: அந்தக் கடைசிப் பிரபுவுக்கு என்ன ஆனது அண்ணா?

எனக்கு மனம் கனக்கும் இடம் இது. ஹிரோஹிதே படிப்பாளி. அறிஞர் ஃபுஜிவாரா செய்காவின் நண்பர். ஜப்பான் கொரியா மீது படையெடுத்தபோது 1597-ல் சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்ட காங் ஹாங் என்ற கொரிய அறிஞரை மதித்து, கன்ஃபூசியஸ் நூல்களைப் படியெடுக்கத் துணை நின்றவர். 1600-ல், ஜப்பானை யார் ஆள்வது என்று முடிவு செய்த செகிகஹாரா போரின்போது முதலில், தொகுகவா இயேயாசுவை எதிர்த்த மேற்குப் படையில் இருந்தார். அது தோற்றதும் கட்சி மாறி, இயேயாசு பக்கம் நின்று தொத்தோரி கோட்டையைத் தாக்கப் போனார். அங்கே கோட்டையைச் சுற்றியிருந்த ஊர் எரிந்தது. பழி இவர் மேல் விழுந்தது. வயிற்றைக் கிழித்துக்கொள்ளும்படி ஆணை வந்தது. கூடப் போரிட்ட பிரபு ஒருவர் பழியை இவர் தலையில் போட்டார் என்றே பலர் சொல்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அவரோடு கோட்டையின் கதையும் முடிந்தது.

முருகன்: மேகத்தை எப்போது பார்க்கலாம்?

செப்டம்பர் முதல் நவம்பர் வரை, விடியற்காலையில். பகலுக்கும் இரவுக்கும் வெப்பம் நன்றாக மாறியிருந்தால் மருயாமா ஆற்றிலிருந்து மூடுபனி எழும். ஆனால் கோட்டைக்குள் நின்றால் படத்தில் உள்ள காட்சி கிடைக்காது. எதிர் மலையில் உள்ள ரிட்சுஉன்கியோ என்ற காட்சியிடத்துக்குப் போக வேண்டும். அப்புறம், கூட்டம் மிதித்து மண் தேய்ந்துபோனதால் உள்ளே நடைபாதை விரித்திருக்கிறார்கள். தயவுசெய்து அதைவிட்டு இறங்காதீர்கள், சுவர் மேல் ஏறாதீர்கள். ஜனவரி, பிப்ரவரியில் கோட்டை மூடியிருக்கும்.