லுவாஸ் என்றால் பரப்பளவு

அன்புள்ள அக்கா,

மலேசியாவில், கோலா கெட்டில் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரர் செம்பனை வெட்டுகிறார். மகன் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு. கணிதம், அறிவியல் எல்லாம் தமிழில்தான் படித்தான். ஜனவரியில் டவுன் இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவம். "எல்லாரும் மலாய் பேசுவாங்க, நான் முட்டாள் மாதிரி நிப்பேன்" என்று இப்போதே அழுகிறான். நாங்கள் அதிகம் படிக்காதவர்கள். எப்படித் தயார்ப்படுத்துவது?

ஒரு தாய்

அன்புள்ள தங்கைக்கு,

நானும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியிலிருந்து போனவள்தான். முதல் வாரம் கணித சிக்கு (ஆசிரியரை மலாயில் அப்படித்தான் அழைப்போம்) பலகையில் செவ்வகம் வரைந்து, 'லுவாஸ்' என்ன என்று என்னைக் கேட்டார். நீளத்தை அகலத்தால் பெருக்க எனக்கு நன்றாகத் தெரியும். லுவாஸ் என்றால் பரப்பளவு என்பதுதான் தெரியாது. தலைகுனிந்து நின்றேன். எனக்குக் கணக்கே வராது என்று கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டார். ஒரு வருடம் நானும் அதை நம்பினேன்.

அதனால் முதலில் அவனிடம் சொல்லுங்கள்: உனக்குப் பாடம் தெரியும், அதன் மலாய்ப் பெயரைத்தான் படிக்க வேண்டும். லயத்து வரிசை வீடுகளில் இடைநிலைப்பள்ளியில் படிக்கும் பிள்ளை யாராவது இருந்தால் மாலையில் கூட உட்கார வையுங்கள். பின்னம் என்றால் பெச்சாஹான், கனஅளவு என்றால் இசிபாடு, பெருக்கு என்றால் டாராப், வகு என்றால் பஹாகி. நாளுக்கு ஐந்து சொல் நோட்டில் எழுதினால் போதும். நோட்டைப் பார்த்து நீங்கள் தமிழில் கேளுங்கள், அவன் மலாயில் சொல்லட்டும். இதற்கு உங்கள் படிப்பே போதும்.

"சிக்கு, போலே சாயா கெ தண்டாஸ்?" (நான் கழிப்பறைக்குப் போகலாமா?) என்று கூச்சமில்லாமல் கேட்கவும் பழக்குங்கள். கேட்கத் தயங்கி நாள் முழுக்க அடக்கிக்கொண்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

பச்சைக் கால்சட்டை, பஸ் எல்லாம் தானே பழகிவிடும். மலாய் போதவில்லை என்று, முதலாம் படிவத்துக்கு முன் வரும் புகுமுக வகுப்பில் போட்டால், வீட்டில் யாரும் அதைத் தோல்வி என்று பேச வேண்டாம். அது மொழிக்கான ஒரு வருடம், அவ்வளவுதான்.

அப்புறம், தமிழை விட்டுவிடாதீர்கள். 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்க 1996 கல்விச் சட்டம் வழி செய்கிறது. பதியப் போகும்போதே தமிழ் வகுப்பு உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் பக்கத்துத் தோட்டத்துப் பெற்றோர்களையும் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வு வரை அவன் தமிழ் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

பள்ளி திறந்ததும், "இன்றைக்கு எந்தச் சொல் புரியலை?" என்று தினமும் கேளுங்கள். அவன் சொல்வதை எழுதி எனக்கு அனுப்புங்கள். எதிரே தமிழை எழுதி நான் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா