வெந்நீரை எப்படி விளாவினால் சூடு சீராகும்?

பெங்களூரு ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வாளியில் ஹீட்டர் ராடு போட்டுத்தான் வெந்நீர் வைக்கிறோம். மேலே கொதிக்கிறது, அடியில் பச்சைத் தண்ணீராகவே இருக்கிறது. கையால் சுற்றிச் சுற்றி விளாவியும் மகனுக்கு முதல் சொம்பு சுடுகிறது, அப்புறம் சில்லென்று வருகிறது. என்ன செய்வது?"

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ராடை வெளியே எடுத்த பிறகே தண்ணீரில் கை வையுங்கள். சும்மா தொட்டுப் பார்ப்பதற்குக்கூட அதற்கு முன் வேண்டாம்.

சரி, இனி தண்ணீர். 60 டிகிரி வெந்நீர், 20 டிகிரி தண்ணீரைவிட ஒன்றரை சதவீதம்தான் லேசானது. ஆனால் அது மேலேயே தங்கிவிட அந்த வித்தியாசம் போதும். ராடின் சுருளுக்குக் கீழே இருக்கும் தண்ணீருக்குச் சூடு ஏறுவதே இல்லை. தானாகப் பரவட்டும் என்று விட்டால், அசையாத நீரில் ஓர் அடி ஆழத்தைச் சூடு கடக்க நாள்கணக்கில் ஆகும். அதற்குள் வாளியே ஆறிவிடும்! அதே நீரை 1 மில்லிமீட்டர் ஏடுகளாக மெலிய வைத்தால் ஏழெட்டு நொடி போதும். தடிமன் பாதியானால் நேரம் கால்வாசியாகும் என்பதுதான் கணக்கு.

கொந்தளிப்பு செய்வதும் இந்த மெலிய வைக்கும் வேலையைத்தான். பரோட்டா மாஸ்டர் மாவை வீசி இழுத்து மடிப்பதுபோல, சுழல்கள் சூடான நீரையும் குளிர்ந்த நீரையும் இழுத்து மடித்து மெல்லிய ஏடுகளாக்கும். மிச்சத்தை மூலக்கூறுகள் பார்த்துக்கொள்ளும். கையை வட்டமாகச் சுற்றினால் மேலடுக்கு மேலேயும் கீழடுக்கு கீழேயுமாகச் சுற்றுமே தவிர, மடிப்பு விழாது. சாயத் துளி என்றால் ஓட்டம் இழுத்த பக்கம் போய்விடும். சூடு அப்படியல்ல, நீரை லேசாக்கி ஓட்டத்தையே எதிர்த்து நிற்கும்.

அதனால் சொம்பை அடிவரை இறக்கி, குளிர்ந்த நீரை மொண்டு, ஓர் அடி உயரத்திலிருந்து ஊற்றுங்கள். கனமான நீர் வெந்நீரைத் துளைத்து இறங்கும்போது அதையும் கீழே இழுத்துக்கொண்டு போகும். ஐந்தாறு முறை செய்தால் போதும்.

உடனே குழந்தைமேல் ஊற்றாதீர்கள், அரை நிமிடம் பொறுங்கள். நம் ஊர் இந்திய அறிவியல் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற கே. ஆர். ஸ்ரீனிவாசன் போன்றவர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்த விஷயம் இது: கொந்தளிக்கும் ஓட்டத்தில் வெப்பநிலை மெதுவாக ஏறிவந்து, ஓரிடத்தில் செங்குத்துப் பாறை விளிம்புபோலச் சட்டென்று மாறும். அந்த விளிம்புகள் கரைய கொஞ்சம் அவகாசம் வேண்டும்.

கீசர் தண்ணீர் என்றால், பெரியவர்கள் வெந்நீரை முதலில் பிடித்து, மேலே பச்சைத் தண்ணீரை விடலாம், நன்றாகக் கலக்கும். குழந்தை பக்கத்தில் இருந்தால் மாற்றிச் செய்யுங்கள்: பச்சைத் தண்ணீர் முதலில், வெந்நீர் பிறகு, அப்புறம் சொம்பால் மொண்டு ஊற்றி விளாவல். மேலே ஒரு சொம்பு, அடியில் ஒரு சொம்பு எடுத்து, இரண்டையும் முழங்கையில் விட்டுப் பாருங்கள்.