வெள்ளையராக மறைந்து வாழ்ந்த கறுப்பினத்தவர் பற்றிய அமெரிக்க நாவல்களில் எதை முதலில் படிக்கலாம்?

நெல்லா லார்சன் 1929-ல் எழுதிய ‘பாஸிங்’. சின்ன நாவல்தான், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். நான் இரண்டு முறை படித்தேன். முதல் முறை தப்பாகப் படித்திருக்கிறேன் என்பது இரண்டாம் முறைதான் புரிந்தது.

கறுப்பர் ஒருவர் வெள்ளையராகக் காட்டிக்கொண்டு வாழ்வதைத்தான் ஆங்கிலத்தில் ‘பாஸிங்’ என்பார்கள். இந்தத் தலைப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘ஆள்மாறாட்டம்’ என்றால் போலீஸ் கேஸ் மாதிரி இருக்கிறது. அன்றைய அமெரிக்காவில் முன்னோரில் ஒருவர் கறுப்பர் என்றால் போதும், தோல் எவ்வளவு வெளுப்பாக இருந்தாலும் நீங்களும் கறுப்பர்தான். வர்ஜீனியா மாநிலம் 1924-ல் இதைச் சட்டமாகவே எழுதி வைத்தது. கண்ணுக்கே தெரியாத கோடு என்றால், சத்தமில்லாமல் தாண்டிப் போகிறவர்களும் இருக்கத்தானே செய்வார்கள்?

நாவலில் வரும் கிளேர் அப்படித் தாண்டிப் போனவள். கணவன் பெல்லூ கறுப்பர்களை அடியோடு வெறுப்பவன். மனைவி யார் என்று அவனுக்குத் தெரியாது. வருஷா வருஷம் அவள் கறுத்துக்கொண்டே வருகிறாள் என்று கேலி செய்து, கறுப்பரை ஏசும் வசைச்சொல்லையே சுருக்கி அவளுக்குச் செல்லப்பெயராக வைத்திருக்கிறான். தேநீர் வேளையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே வருகிறான். அங்கே உட்கார்ந்திருக்கும் மூன்று பெண்களுமே கறுப்பினத்தவர். கிளேரின் தோழி ஐரீன் கண்ணில் நீர் வழியும்வரை சிரிக்கிறாள். அதற்கு மேல் அன்று என்னால் படிக்க முடியவில்லை.

சரி, இது கிளேரின் கதை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நியூயார்க்கில் கறுப்பர்கள் வாழும் ஹார்லெம் பகுதியில் டாக்டரின் மனைவியாக மதிப்போடு வாழும் இந்த ஐரீன், கிளேரை மறுபடி பார்ப்பது எங்கே? சிகாகோவில், கறுப்பருக்கு இடம் தராத ஓட்டலின் மொட்டைமாடியில். வெயில் தாங்காமல் போனாளாம்! வெள்ளையர் கும்பல்கள் கறுப்பரைக் கொல்வதைப் பற்றிக் கணவன் பிள்ளைகளிடம் பேசினால், சாப்பாட்டு மேசையில் அந்தப் பேச்சு கூடாது என்கிறாள். கதை முழுக்க அவள் கண் வழியாகத்தான் வருகிறது. அவளை எவ்வளவு நம்பலாம் என்ற சந்தேகம் வந்தபிறகு கடைசி ஜன்னல் காட்சி வேறாகத் தெரிந்தது. அதை இங்கே சொன்னால் திட்டுவீர்கள்.

அப்புறம் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சனின் ‘ஒரு முன்னாள் கறுப்பனின் சுயசரிதை’ என்ற நாவல். 1912-ல் ஆசிரியர் பெயர் இல்லாமல் வந்ததால் நிஜமான வாழ்க்கை வரலாறு என்றே பலர் நம்பினார்கள்.

‘பாஸிங்’ 2021-ல் படமாகவும் வந்தது. இயக்குநர் ரெபெக்கா ஹாலின் தாய்வழித் தாத்தாவே அப்படி வெள்ளையராக வாழ்ந்தவர். படத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்திருக்கிறார். யார் என்ன நிறம் என்று நாமும் உற்றுப் பார்த்துக்கொண்டே இருப்போம். நாவலைப் படித்துவிட்டுப் பாருங்கள்.