ஹோம்ஸ்டெட்டின் நூலகம்

அன்புள்ள ஐயா,

பெரும் பணக்காரர்களின் அறக்கொடைகளைச் சந்தேகித்துச் சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். நான் அரசுப் பள்ளி ஆசிரியன். எங்கள் பள்ளிக்கு ஒரு பெரிய நிறுவனத்தின் அறக்கட்டளை பன்னிரண்டு கணினிகள் கொடுத்தது. என் மாணவிகள் முதன்முதலாக அவற்றைத் தொட்ட அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. பசித்தவனுக்குச் சோறுதான் முக்கியம். போட்டவரின் மனத்தை ஆராய்வது வயிறு நிறைந்தவர்களின் வேலை. பதுக்குகிறவர்களை விட்டுவிட்டுக் கொடுக்கிறவர்களை ஏன் கடிந்துகொள்கிறீர்கள்?

ஓர் ஆசிரியர், திண்டுக்கல் மாவட்டம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கணினிகளை நீங்கள் வாங்கிக்கொண்டது சரிதான். நானாக இருந்தாலும் வாங்கியிருப்பேன். கொடுப்பவரின் மனத்துக்குள் புகுந்து பார்க்க எனக்கும் விருப்பமில்லை. அமெரிக்க எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகி உள்ளன்போடுதான் கொடுத்தார் என்று நம்புகிறேன். ஆனாலும் என் சந்தேகம் அவரிடமிருந்துதான் தொடங்கியது.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், மொனங்கஹேலா ஆற்றங்கரையில் இருக்கிறது ஹோம்ஸ்டெட். அங்கே கார்னகிக்கு எஃகு ஆலை இருந்தது. செல்வத்தைப் பிறருக்குத் தராமல் பணக்காரனாகவே சாவது இழிவு என்று அவர் கட்டுரை எழுதியது 1889இல். மூன்றாம் ஆண்டே, கூலிக் குறைப்பை ஏற்காத தொழிலாளர்களை வெளியே நிறுத்தி ஆலைக் கதவு அடைக்கப்பட்டது. 1892 ஜூலை 6 விடியற்காலையில், பிங்கர்ட்டன் என்ற தனியார் காவல் நிறுவனத்தின் ஆட்கள் சுமார் 300 பேர் துப்பாக்கிகளோடு இரண்டு படகுகளில் வந்தார்கள். ஊரே கரையில் திரண்டு நின்றது. அன்று முழுக்கச் சண்டை. இரு தரப்பிலும் உயிர்கள் போயின. பிறகு மாநிலப் படை வந்தது, தொழிலாளர் சங்கம் ஒடிந்தது. கார்னகி அப்போது ஸ்காட்லாந்தில் இருந்தார். ஆலையை நடத்திய ஹென்றி ஃபிரிக்குக்கு அவருடைய ஆதரவு இருந்தது.

அதன்பின் பன்னிரண்டு மணி நேர வேலைதான் வழக்கம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பகல் ஆட்களும் இரவு ஆட்களும் மாறிக்கொள்ளும் நாளில், ஒரே ஆள் 24 மணி நேரம் தொடர்ந்து வேலை செய்ய வேண்டும்.

அந்த மக்களுக்காகக் கார்னகி 1898இல் ஆலைக்கு மேலே உள்ள மேட்டில் ஒரு நூலகம் திறந்தார். இசையரங்கம், நீச்சல் குளம் எல்லாம் கொண்ட அழகான கட்டடம், இன்றும் நிற்கிறது. உலை வெக்கையில் ஒரு பகலும் ஓர் இரவும் நின்று திரும்பியவன் எந்த நேரத்தில் அங்கே போய் உட்கார்ந்து படித்திருப்பான்?

பசுவைக் கொன்று செருப்பைத் தானம் செய்த கதை என்று சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை. கார்னகியின் பணத்தில் உலகெங்கும் எழுந்த நூலகங்கள் 2,500க்கும் மேல். அவற்றில் படித்து ஆளானவர்கள் ஏராளம். எனக்கு உறுத்துவது அந்த 1889ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் வைத்த வாதம். பணம் பலருக்குச் சிறுசிறு தொகையாகப் பிரிந்தால் வீணாகும், திறமையுள்ள ஒருவர் கையில் திரண்டு பொதுக் காரியத்துக்குப் போவதே அந்தப் பலருக்கும் நல்லது என்றார். கூலி கேட்டவனுக்கு நூலகம் கிடைத்தது. அவனுக்கு எது தேவை என்பதை அவனைக் கேட்காமல் இன்னொருவர் தீர்மானித்தார். 1904இல் மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரத்துத் தொழிலாளர்கள் கார்னகியின் பணம் வேண்டாம் என்று பிரசாரம் செய்து, வாக்கெடுப்பில் வென்றார்கள். அவர்களை நன்றிகெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்றும் தீர்மானிப்பது கொடுப்பவர்தான். அமெரிக்காவில் ஒரு கோடீஸ்வரர் தம் சொந்த அறக்கட்டளைக்குப் பணத்தை மாற்றினால், வரம்புக்கு உட்பட்டு, உடனே வரிச்சலுகை உண்டு. அறக்கட்டளையோ ஆண்டுக்குச் சுமார் 5 சதவீதம் செலவழித்தால் போதும். மீதி முதலீடாக வளரலாம், அவரும் அவர் குடும்பமும் நிர்வாகத்தில் இருக்கலாம். அரசுக்கு வராமல் போன வரி ஊரார் பணம். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கும்போது, எந்தப் பிள்ளையாருக்கு என்று கடைக்காரரையாவது கேட்க வேண்டாமா? பதுக்குகிறவர்களை நான் விட்டுவிடவில்லை. அவர்களிடமும் நான் கேட்பது வரியைத்தான்.

நான் படித்து வளர்ந்தது ஓட்டுக்கூரை போட்ட ஒரு கிளை நூலகத்தில். சென்னை மாகாணத்தில் 1948இல் வந்த பொது நூலகச் சட்டம் சொத்துவரியோடு நூலக வரியையும் சேர்த்தது. எங்கள் ஊர்க்காரர்கள் ஆண்டுதோறும் கட்டிய சில ரூபாய்களில்தான் அந்த நூலகம் நடந்தது. ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி, அலமாரியின் மேல்தட்டுப் புத்தகங்கள் ஊறிப் பருத்துவிட்டன. என் தந்தை மனு எழுதினார். எழுதும்போது வீட்டு வரி ரசீதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் நூலகத்துக்கென்று குறித்திருந்த தொகையை மனுவின் முதல் வரியிலேயே எழுதினார். பணிவன்புடன், தயவுகூர்ந்து என்று எழுதச் சொன்னேன். தேவையில்லை என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.